லிங்க் பச்சையாக எரிகிறது, லன் மட்டும் வரவில்லை: புது சிஎன்ஏ, பழைய ஸ்விட்ச்

இரவுப்பணி:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எஃப்சிஓஇ (ஈதர்நெட் கம்பியிலேயே ஃபைபர் சேனல்) வழியாக ஸ்டோரேஜ் எடுக்கும் லினக்ஸ் சர்வர் ஒன்றில் சிஎன்ஏ கார்டு (நெட்வொர்க், ஸ்டோரேஜ் இரண்டுக்கும் ஒரே கார்டு) போய்விட்டது, அதே மாடல் கிடைக்காததால் புது மாடல் போட்டோம். ஸ்விட்ச் பழையது, 10 ஜிகாபிட், அதில் எதையும் தொடவில்லை. லிங்க் பச்சையாக எரிகிறது, பிங் போகிறது, ஆனால் ஸ்விட்சில் விஎஃப்சி இன்டர்ஃபேஸ் (ஈதர்நெட் போர்ட் மேல் ஓடும் மெய்நிகர் ஃபைபர் சேனல் போர்ட்) டவுனிலேயே கிடக்கிறது, லன் (ஸ்டோரேஜ் தரும் டிஸ்க்) ஒன்றுகூடத் தெரியவில்லை. கேபிள் மாற்றினேன், எஸ்எஃப்பி மாற்றினேன், பக்கத்து போர்ட்டிலும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் போர்ட்டில் பிஎஃப்சி-யை (நெரிசலில் ஒரு வகைப் போக்குவரத்தை மட்டும் நிறுத்தி வைக்கும் வசதி) ஆட்டோவிலிருந்து எடுத்து ஆன் என்று கட்டாயப்படுத்தியதும் லன் வந்துவிட்டது. சரி, முடிந்தது என்று வீட்டுக்குப் போனால், ராத்திரி பேக்கப் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஐ/ஓ எரர் வரிசையாக வருகிறது, மல்டிபாத்தில் ஸ்டோரேஜுக்குப் போகும் பாதைகள் விழுந்து விழுந்து எழுகின்றன. பகலில் ஒரு எரர்கூட இல்லை. கார்டு பழுதா, ஸ்விட்ச் பழுதா?

ஃபைபர்காரன்:
இரண்டுமே பழுது இல்லை என்றுதான் தோன்றுகிறது. முதலில் அந்த ஆன்-ஐ எடுத்துவிட்டு மறுபடி ஆட்டோவில் வையுங்கள், தயவுசெய்து இன்று ராத்திரிக்குள்.

காரணம் இது. ஃபைபர் சேனலில், இணையத்தில் உள்ள டிசிபி (TCP) மாதிரி தொலைந்த ஃப்ரேமை உடனே மறுபடி அனுப்பும் ஏற்பாடு கிடையாது. ஒரே ஒரு ஃப்ரேம் விழுந்தாலும் அந்த எஸ்சிஎஸ்ஐ கமாண்ட் (டிஸ்க்குக்குப் போகும் கட்டளை) முழுவதும் டைம்அவுட் வரை தொங்கும், லினக்ஸில் அது வழக்கமாக 30 வினாடி. அதனால்தான் பிஎஃப்சி: நெரிசல் வந்தால் ஸ்டோரேஜ் போகும் பிரையாரிட்டியை மட்டும், பெரும்பாலும் 3, நிறுத்தி வைக்கச் சொல்வது. இதற்கு இரு பக்கமும் டிசிபிஎக்ஸ் (DCBX, இரு முனையும் அமைப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) மூலம் பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் கட்டாயப்படுத்தியதில் ஸ்விட்ச் மட்டும் "நில்" என்கிறது, கார்டு காதில் வாங்கவில்லை. பகலில் நெரிசல் இல்லாததால் தெரியவில்லை, பேக்கப் ஓடும்போது தெரிகிறது.

ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், டிசிபிஎக்ஸ் பதிப்பு ஒன்றல்ல. ஆரம்பத்தில் சிஸ்கோ, இன்டெல், நுவோவா சேர்ந்து செய்த சிஐஎன், அப்புறம் சிஇஇ, கடைசியாக ஐஇஇஇ 802.1க்யூஏஇசட். பழைய ஸ்விட்ச் சிஇஇ-யோடு நின்றிருக்கும், புது கார்டு ஐஇஇஇ-யில் பேசிக்கொண்டிருக்கும். இன்னொன்றும் பாருங்கள்: அந்த போர்ட்டில் ஸ்விட்சுக்கு எத்தனை எல்எல்டிபி நெய்பர் (எதிர்முனையில் தன்னை அறிவிக்கும் சாதனம், டிசிபிஎக்ஸ் இதன் வழியாகத்தான் பேசும்) தெரிகிறது? இரண்டு என்றால் எனக்கு உடனே சொல்லுங்கள்.

பழைய_கேபிள்:
மேலே சொன்னது சரி. கூடவே விலானையும் (ஒரே கம்பியில் எண் போட்டுப் பிரித்த தனி நெட்வொர்க்) பார்த்துவிடுங்கள். ஃபிப் (எஃப்சிஓஇ-யில் ஸ்விட்சைக் கண்டுபிடித்து லாகின் செய்யும் நெறிமுறை) முதலில் எந்த விலான் என்று கேட்பது டேக் இல்லாமல் நேட்டிவ் விலானில்தான் போகிறது, ஆனால் எஃப்சிஓஇ விலானே நேட்டிவ் விலானாக இருக்கக்கூடாது. இதை மாற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் அலைந்திருக்கிறேன். எம்டியூ (ஒரு ஃப்ரேமுக்கான உச்ச அளவு) 1500-ல் இருந்தாலும் ஆகாது, ஒரு எஃப்சி ஃப்ரேமில் டேட்டாவே 2112 பைட் வரை வரும், ஸ்விட்சில் அந்த வகுப்புக்கு 2158 போடுவது வழக்கம். லாகின் ஆகி ஏறக்குறைய 20 வினாடியில் விழுந்தால் அது வேறு கதை: "இருக்கிறேன்" என்று சொல்லும் கீப்அலைவ் 8 வினாடிக்கு ஒருமுறை, அதில் இரண்டரை மடங்கு காத்திருந்துவிட்டுத்தான் வெட்டும்.

இரவுப்பணி:
அண்ணா, இரண்டு நெய்பர்தான் இருக்கிறது! ஒரே போர்ட், இரண்டு வெவ்வேறு மேக் முகவரி. இது எப்படி?

ஃபைபர்காரன்:
அதுதான் விஷயம். பழைய கார்டுக்கு டிசிபிஎக்ஸ் பேச லினக்ஸில் எல்எல்டிபேட் சர்வீஸ் தேவைப்பட்டிருக்கும். புது கார்டில் அந்த வேலையை ஃபர்ம்வேரே செய்கிறது. இரண்டும் ஒரே கம்பியில் பேசினால் யாரை நம்புவது என்று ஸ்விட்சுக்குத் தெரியாது, எதிரில் யாருமே இல்லாத மாதிரி நடந்துகொள்ளும். ஸ்டாண்டர்டே அப்படித்தான் சொல்கிறது. அந்த இன்டர்ஃபேஸுக்கு எல்எல்டிபேடை நிறுத்துங்கள், எஃப்சிஓஇ கட்டமைப்புக் கோப்பில் டிசிபி ரெக்வயர்ட் (DCB_REQUIRED) என்ற வரியை "நோ" ஆக்குங்கள்.

இரவுப்பணி:
செய்தேன். நெய்பர் ஒன்றாகிவிட்டது, விஎஃப்சி மட்டும் அப்போதும் எழவில்லை. அப்புறம் சர்வரை ரீபூட் செய்து கார்டின் செட்டப் திரைக்குள் போய்ப் பார்த்தால் டிசிபிஎக்ஸ் ஐஇஇஇ என்று இருந்தது. சிஇஇ ஆக்கி சேவ் செய்து வந்தேன், போர்ட் ஆட்டோவிலேயே இருக்க பிஎஃப்சி தானாக ஆன் ஆனது, லாகின் வந்தது, எட்டு லன்னும் வந்தன. நேற்றும் இன்றும் பேக்கப் முழுதாக ஓடியது. பிரையாரிட்டி 3-ல் பாஸ் (pause, "நில்" என்ற செய்தி) கவுன்டர் இரு பக்கமும் ஏறுகிறது, டிராப் பூஜ்யம். உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி, இரண்டு ராத்திரி தூங்கியிருக்கிறேன்.

பழைய_கேபிள்:
ரொம்ப மகிழ்ச்சி தம்பி. பாஸ் ஏறுவது நல்லதுதான், பயப்படாதீர்கள், ஒரேயடியாக ஏறினால் மட்டும் ஸ்டோரேஜ் பக்கம் மெதுவாகிறதா என்று பாருங்கள். ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: இரண்டாவது ஸ்விட்சுக்குப் போகும் போர்ட்டிலும் நெய்பர் எண்ணிக்கை பார்த்தீர்களா? அங்கேயும் பிஎஃப்சி-யை ஆன் என்று வைத்திருந்தால் அடுத்த பேக்கப்புக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.