பொம்மைக்குக் கதிரை கிடைச்சதோ, இல்லையோ?

கரவெட்டியான்: நேற்று நல்லூர் மணி எழுதினதை வாசிச்சு எனக்கு நித்திரையே வரேல்லை. "சமஷ்டி வந்தால் பயமில்லை. கர்நாடகத்தில முதலமைச்சர் பொம்மையின்ர ஆட்சியை டில்லி கலைக்க, உச்ச நீதிமன்றம் அவரைத் திருப்பிக் கதிரையில இருத்தினது" எண்டு எழுதியிருக்கிறார். எப்ப இருத்தினது? எந்தக் கதிரை?

நல்லூர் மணி: தீர்ப்பை வாசிச்சிட்டு வாரும். 1994 மார்ச் 11, ஒன்பது நீதியரசர்கள். இந்திய அரசியலமைப்பின்ர 356ஆம் பிரிவிலை மாநில ஆட்சியைக் கலைக்கிறதை நீதிமன்றம் விசாரிக்கலாம், பெரும்பான்மையைச் சட்டசபைக்குள்ளதான் எண்ணவேணும், ஆளுநரின்ர மேசையில இல்லை எண்டு சொன்னது. கர்நாடகக் கலைப்புப் பிழை எண்டும் சொன்னது. வேறென்ன வேணும்?

கரவெட்டியான்: கதிரை வேணும். கலைச்சது 1989 ஏப்ரல் 21. அந்த வருசமே தேர்தல் வைச்சு காங்கிரஸ் வந்திட்டுது. தீர்ப்பு வரேக்கை அஞ்சு வருசம் போட்டுது. பொம்மைக்குக் கதிரை கிடைச்சதோ, இல்லையோ?

சுன்னாகத்துப் பெடியன்: அண்ணை, 2016இல அருணாசலப் பிரதேசத்தில நபாம் துக்கியின்ர ஆட்சியை நீதிமன்றம் திருப்பிக் குடுத்தது தானே.

கரவெட்டியான்: தம்பி, சில நாளில அவரே இராஜினாமாச் செய்தவர். அதையும் எழுதும். நான் கேட்டது பொம்மையை.

நல்லூர் மணி: உமக்குத் தீர்ப்பும் ஒண்டு, தளபாடமும் ஒண்டு. போன மாசம் இணைந்த வடக்கு கிழக்கைப் பற்றிக் கதைக்கேக்கையும் உப்பிடித்தான் ஒரு திகதியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீர்.

கரவெட்டியான்: அண்டைக்கும் நான் சொன்ன திகதிதான் சரி. 2006 ஒக்டோபர் 16. எங்கட உச்ச நீதிமன்றம்தான் பிரிச்சது. நீதிமன்றம் காப்பாத்தும் எண்டு எங்களுக்கே பாடம் எடுக்கிறீரோ?

லண்டன் வாசன்: அதே நீதிமன்றம்தான் 2018 டிசம்பர் 13 பாராளுமன்றக் கலைப்பைப் பிழை எண்டது.

கரவெட்டியான்: அது கொழும்புக்காரரின்ர பாராளுமன்றம். வடமாகாண சபையின்ர காலம் அதே 2018 ஒக்டோபரில முடிஞ்சது. பேந்து தேர்தலே இல்லை, ஆளுநர் ஆளுறார். மாகாண ஆட்சியை ஜனாதிபதி கையில எடுக்க விடுற எங்கட அரசியலமைப்பின்ர 154 எல்-ஐ எடுத்துப் பாருங்கோ: "ஆளுநரின் அறிக்கை அல்லது வேறு வழியில்". இந்தியாவின்ர 356இல உள்ள அதே சொல்லு. 1991இல தமிழ்நாட்டு ஆளுநர் பர்னாலா அறிக்கை குடுக்க மறுத்தும் கருணாநிதியின்ர ஆட்சியைக் கலைச்சது அந்த "வேறு வழியில்"தான். குளிருக்குள்ள இருந்து கதைக்கிறவைக்கு உது விளங்காது.

லண்டன் வாசன்: நான் எங்கை இருக்கிறன் எண்டது 356இல எத்தினையாம் வரி? சங்கக்கடைக்குக் காசு சேர்க்கேக்கை மட்டும் லண்டன் இனிச்சதோ?

சுன்னாகத்துப் பெடியன்: அண்ணையவை, சங்கக்கடையை விடுங்கோ. 1994க்குப் பிறகு டில்லி முந்தி மாதிரி நினைச்ச நேரம் கலைக்கிறேல்லை. அது பெரிய விசயமில்லையோ?

நல்லூர் மணி: அதைத்தான் நானும் சொல்லுறன்!

கரவெட்டியான்: இல்லை மணி. நீர் சொன்னது "கதிரையில இருத்தினது" எண்டு. நான் படம் எடுத்து வைச்சிருக்கிறன், அழிச்சாலும் கிடக்கு. பொம்மைக்குக் கதிரை கிடைச்சதோ, இல்லையோ?

நல்லூர் மணி: சங்கக்கடைக் கணக்கை முதல் காட்டும், பேந்து கதிரையைப் பாப்பம்.