பள்ளிக்கரணையைச் சுற்றி 1 கி.மீ. தடை: சரியா, மிகையா?

மேடவாக்கத்தான்:
தென்சென்னையில் இருக்கிற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. அந்த ராம்சார் எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் புதுக் கட்டுமானங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. சதுப்பு நிலத்தைப் பாதிக்கக்கூடிய பகுதி எதுவரை என்று ஆய்வு செய்து முடிக்கும்வரைக்கும் இந்தத் தடை. அளந்து வரைய வேண்டிய கோட்டை அடிஸ்கேல் வைத்து இழுத்தால் அதற்குப் பெயர் திட்டமிடலா? சொந்தப் பட்டா மனையில் இரண்டு பெட்ரூம் வீடு கட்டுகிறவனும் இருபது மாடி எழுப்புகிற பில்டரும் ஒன்றா? 2017 ஈரநில விதிகளே 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்றுதான் சொல்கின்றன.

கழுவெளிக்காரன்:
அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளக்க வேண்டும் என்பதையும் படித்திருப்பீர்களே சார். விதிகள் வந்த நாளுக்கு முந்தைய பத்து வருடங்களின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து. 2015 டிசம்பர் வெள்ளமும் அந்தக் கணக்கில் வரும். வேலியிலிருந்து டேப் பிடித்து 50 மீட்டர் அளக்கிற விஷயம் இல்லை.

இன்னொன்று. செம்பாக்கம் ஏரி கலங்கல் வழிந்தால் நன்மங்கலம், அடுத்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் கழுவெளி, அதாவது இந்தப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சுமார் 250 சதுர கி.மீ. மழைத்தண்ணீர் வந்து சேர்கிற இடம் அது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, ராம்சார் பட்டியலில் ஏறிய 2022இல் 1,247 ஹெக்டேர். வருகிற தண்ணீர் குறையவில்லை, தேங்குகிற இடம்தான் குறைந்திருக்கிறது.

சைட் இன்ஜினியர்:
பிரச்சினை தேங்குவதில் இல்லை பாஸ், வெளியேறுவதில். அவ்வளவு தண்ணீரும் ஒக்கியம் மடுவு என்கிற வடிகால் வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய் முட்டுக்காடு பக்கம் கடலைப் பிடிக்க வேண்டும். மடுவை அகலப்படுத்துங்கள், கால்வாயைத் தூர்வாருங்கள், கட்டடங்களைத் தூண்மேல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். கட்டவே கூடாது என்பது சோம்பேறி வழி.

கழுவெளிக்காரன்:
2023 மிக்ஜாம் புயலில் கடலே தண்ணீரை வாங்கவில்லையே, அப்போது உங்கள் அகலமான கால்வாய் என்ன செய்திருக்கும்? வெளியேற வழியில்லாத நாட்களில் தண்ணீரை வைத்திருக்கத்தான் கழுவெளி. வேகமாக வடித்துக் கடலில் விட்டுவிட்டால் கோடையில் கிணறும் போர்வெல்லும் வறண்டுபோகும். 2019இல் லாரித் தண்ணீருக்கு நின்றதை மறந்துவிட்டோமா? தூண்மேல் கட்டினாலும் அதற்குச் சாலை வேண்டும், சாலைக்கு மண் கொட்டி மேடாக்க வேண்டும். அந்த மேடுதான் அணை மாதிரி குறுக்கே நிற்கிறது.

சைட் இன்ஜினியர்:
மண் மேட்டுக்குப் பதில் பாலமாகக் கட்டலாம். செலவு அதிகம், ஆனால் முடியும்.

கண்ணகி நகர் அக்கா:
பாலம், தூண் எல்லாம் பேசுகிறீர்கள், சரி. கூவம், அடையாறு கரையிலிருந்த குடும்பங்களை ஆற்றை மீட்கிறோம் என்று கிளப்பி எங்கே கொண்டுவந்தார்கள்? பெரும்பாக்கம், செம்மஞ்சேரி. ஒரு தண்ணீரைக் காப்பாற்ற ஏழையை இன்னொரு தண்ணீர் ஓரத்தில் இறக்கியாயிற்று. இப்போது இங்கேயும் இயற்கையைக் காக்கப்போகிறார்கள். அடுத்த லாரி எங்கே போகும் என்று யாராவது சொல்லுங்கள்.

மேடவாக்கத்தான்:
அக்கா சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். பெருங்குடி குப்பைக் கிடங்கைச் சதுப்பு நிலத்திலேயே போட்டது யார்? உள்ளே அரசு நிறுவனங்களையும் சாலைகளையும் கொண்டுவந்தது யார்? இத்தனை வருடம் அவர்கள் செய்ததற்கு இன்று வீட்டுக்கடன் வாங்கினவன் அபராதம் கட்டணுமா?

கண்ணகி நகர் அக்கா:
நான் சொன்னது அது இல்லை தம்பி. உங்களுக்கு வீடு கட்ட முடியவில்லை. எங்கள் ஆட்களுக்கு எங்கே இருப்பது என்று தேர்ந்தெடுக்கவே விடவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். தடை எனக்குச் சம்மதம்தான். ஏற்கெனவே குடியிருக்கிறவர்களுக்கு வடிகாலும், வெள்ளம் வந்தால் வெளியேற ஒரு உயரமான சாலையும் போட்ட பிறகு மற்றதைப் பேசுங்கள்.

கழுவெளிக்காரன்:
அக்காவின் கோரிக்கையில் எனக்கு மறுப்பே இல்லை. குப்பைக் கிடங்கில் பயோமைனிங், அதாவது பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை நடக்கிறது, மீட்ட நிலத்தைக் கழுவெளிக்கே விட வேண்டும். பூங்கா, நடைபாதை என்று மறுபடி சிமென்ட் போட்டால் பிரயோஜனம் இல்லை. சென்னைப் பெருநகருக்கு 2027-2046க்கான மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகிறது. சாலைக்கும் மெட்ரோவுக்கும் முதலில் கோடு போட்டுவிட்டு மிச்சத்துக்குப் பச்சை அடிக்கிற பழக்கத்தை இதிலாவது விட வேண்டும். முதலில் தண்ணீர் போகிற வழியை வரையட்டும்.

மேடவாக்கத்தான்:
வரையட்டும், சர்வே எண்ணோடு வெளியிடட்டும். என் மனை அதில் வந்தால் சந்தை விலை கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும், நான் வழக்குப் போட மாட்டேன். விலையும் கிடையாது, வரைபடமும் கிடையாது, கட்டவும் கூடாது என்றால் இதை நான் எதிர்க்கத்தான் செய்வேன்.

சைட் இன்ஜினியர்:
சந்தை விலையா? ஓ.எம்.ஆர். ரேட்டில் கொடுக்க ஆரம்பித்தால் மடுவை அகலப்படுத்தக்கூடக் காசு மிஞ்சாது சார்.