காலிப்ரேஷன் செய்ததும் திரை மஞ்சளடிக்கிறது: பிராட்ஃபோர்டா, கேட்02-ஆ?

காவடிப்படம்: வணக்கம், அவசரம். கருவி வைத்து மானிட்டர் நிறத்தைச் சரிசெய்ததிலிருந்து (காலிப்ரேஷன்) திரை ஒரே மஞ்சள். காலிப்ரேஷன் மென்பொருளில் குரோமாட்டிக் அடாப்டேஷன் என்ற இடத்தில் பிராட்ஃபோர்ட், கேட்02, வான் கிரீஸ் என்று இருக்கிறது. எதை வைத்தால் மஞ்சள் போகும்? தைப்பூச மலருக்குப் படங்கள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்.

கத்ர்போர்ன்வாசி: என்ன மானிட்டர்? எந்தக் கருவி? வைட் பாயின்ட், அதாவது திரை வெள்ளையின் நிறம், எவ்வளவு? அறையில் என்ன விளக்கு?

ரோஸ்ஹில் தம்பி: எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பாருங்கள் அண்ணா. எனக்கு அதில்தான் நிறம் கெட்டது.

வண்ணவாத்தியார்: கேபிள் பக்கம் சிக்னலின் ஒளி அளவு (ரேஞ்ச்) தப்பினால் கறுப்பு வெளிறும், மஞ்சள் வராது. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். ஐசிசி புரொஃபைல், அதாவது திரையின் நிறங்களை விவரிக்கும் கோப்பு, எந்தத் திரையின் வெள்ளையையும் டி50 என்ற பொது வெள்ளைக்கு (சுமார் 5000 கெல்வின்) மாற்றித்தான் எழுதி வைக்கும். அந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்றுதான் அங்கே கேட்கிறது. திரையின் வெள்ளை அதனால் மாறாது. பிராட்ஃபோர்டை விட்டு நகராதீர்கள், மற்ற மென்பொருள்களும் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கின்றன.

கத்ர்போர்ன்வாசி: சரி, ஆனால் வைட் பாயின்ட் என்னவென்று இன்னும் சொல்லவில்லையே?

காவடிப்படம்: 5000 கெல்வின். அச்சகத்தில் டி50 என்றார்கள். மானிட்டர் 27 அங்குலம், ஜன்னலோரம்.

கத்ர்போர்ன்வாசி: அதுதான் காரணம். பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் 5000 மஞ்சளாகத்தான் தெரியும். டி65 (சுமார் 6500 கெல்வின்) வையுங்கள், வெளிச்சம் 100 கேண்டெலா அளவில் இருக்கட்டும். வைட் கேமட் (அதிக நிறங்களைக் காட்டும்) திரை என்றால் கருவிக்கு அந்தத் திரைக்கான கரெக்‌ஷனும் வேண்டும், இல்லாவிட்டால் அளவே தப்பும். திரையை மஞ்சளாக்கும் விண்டோஸ் நைட் லைட்டையும் அணையுங்கள்.

அச்சுக்கூடம்: டி65 சொல்லாதீர்கள். தாளைப் பார்க்கும் விளக்குக்கு ஐஎஸ்ஓ 3664 தரம் சொல்வது டி50. தாளும் திரையும் ஒத்துவர வேண்டாமா?

கத்ர்போர்ன்வாசி: அந்த விளக்கு அவர் மேசையில் இருந்தால் ஒத்துவரும். இல்லாதபோது டி50 எதற்கு? படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி நிறவெளிகள் இரண்டின் வெள்ளையும் டி65தான்.

அச்சுக்கூடம்: வீட்டில் பார்த்துச் சரி என்று அனுப்புவார்கள். அச்சானதும் பழி எங்கள் மேல்.

வண்ணவாத்தியார்: இரண்டு பேரும் எண்ணைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். வெள்ளைத் தாளை அவர் பார்க்கும் வெளிச்சத்திலேயே திரைக்குப் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகும் வெள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். 5800 வந்தால் 5800. அதுவே சரி.

மலைக்கோவில் பக்தை: காவடிப்படம் தம்பி, நம் மொரிஷியஸ் கோர் தெ கார்ட் மலைக்கோவில் காவடியா? அந்த அடர் ரோஸ் சேலைகள் நான்கு நிற மையில் முழுசாக வராது, மானிட்டர் எப்படி இருந்தாலும். ரோஸ் மங்கி, மடிப்புகள் ஒரே திட்டாகிவிடும். அச்சகத்தின் புரொஃபைலை வாங்கி சாஃப்ட் ப்ரூஃப் (அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே பார்ப்பது) போட்டு, மடிப்பு தெரியும்வரை செறிவைக் குறையுங்கள். பிள்ளைகள் முகத்தைத் தொடாதீர்கள்.

அச்சுக்கூடம்: இதை ஒத்துக்கொள்கிறேன். தாள் பளபளப்பா, மேட்டா? புரொஃபைல் அதைப் பொறுத்தது.

காவடிப்படம்: டி65, பிராட்ஃபோர்ட். மஞ்சள் போய்விட்டது. சேலை மடிப்பும் இப்போது தெரிகிறது. நன்றி அக்கா, அனுப்பிவிட்டேன்.

அச்சுக்கூடம்: எந்தத் தாளுக்கு அனுப்பினீர்கள்?