கொடைக்கானல் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறோம், பழைய வீட்டுக் காப்பீடு செல்லுமா?

மேல்மலை_வீடு கேட்டது:

வணக்கம். நாயுடுபுரம் பக்கம் 1,000 சதுர அடியில் தனி வீடு. ரெண்டு படுக்கையறை, ஒரு ஹால், பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்த மாதிரி ஒரு பால்கனி. வீட்டுக்கடன் வாங்கும்போது வங்கியே சேர்த்துக் கொடுத்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி இருக்கிறது, 10 வருஷத்துக்கு ஒரே பிரீமியம். நாங்கள் மதுரையில் இருக்கிறோம். வீட்டைக் காவல்கார அண்ணன் ஒருவர் பார்த்துக்கொள்கிறார்.

இப்போது ஏர்பிஎன்பி என்ற தங்குமிடப் பதிவுத் தளத்தில் போட்டு நாள் வாடகைக்கு விடுகிறோம். பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் நேராகக் கேட்டும் வருகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு இதுவரை எதுவும் சொல்லவில்லை. தீப்பிடித்தாலோ, விருந்தினர் டிவியைத் தூக்கிக்கொண்டு போனாலோ, பால்கனியிலிருந்து யாராவது விழுந்தாலோ எது எதிலிருந்து வரும்? ஏர்பிஎன்பி தரும் பாதுகாப்பு ஒன்றே போதும் என்று சிலர் சொல்கிறார்கள்.

---

சர்வே_கண் பதில்:

டிவியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அதுதான் இருப்பதிலேயே சின்னது. கிருஹ ரக்ஷாவில் திருட்டு தனியாக இல்லை. தீ, வெள்ளம், நிலச்சரிவு மாதிரி காப்பீட்டில் உள்ள ஒரு சம்பவம் நடந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் திருட்டுப் போனால் மட்டும்தான் உண்டு. தனியாகக் களவு பாலிசி எடுத்தாலும் பூட்டை உடைத்தோ ஜன்னலைப் பெயர்த்தோ உள்ளே வந்த தடயம் வேண்டும். நீங்களே சாவி கொடுத்து உள்ளே விட்ட ஆள் எடுத்துப்போனால் அது களவு பாலிசியில் நிற்காது. விருந்தினர் கைவரிசைக்கு உங்கள் காப்பீடு எதிலும் பணம் வராது என்று வைத்துக்கொண்டு முன்பணம் வாங்குங்கள்.

தீ விஷயம்தான் பெரியது. கிருஹ ரக்ஷா 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா நிறுவனமும் ஒரே வாசகத்தில் தரும் பாலிசி. நல்ல பாலிசி, குறை சொல்ல மாட்டேன். தொகை குறைவாகப் போட்டிருந்தாலும் அதைக் காரணம் காட்டிக் கிளைமை வெட்ட மாட்டார்கள். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். உங்கள் வீட்டுக்குச் சதுர அடிக்கு 2,800 ரூபாய் கட்டுமானச் செலவு என்று வைத்தால் 28 லட்சம், சாமான்களுக்கு 5.6 லட்சம். ஆனால் இவ்வளவும் 'குடியிருப்பு' என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது.

சர்வேயர் (சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் ஆள்) வந்ததும் கேட்கும் முதல் கேள்வி 'சம்பவம் நடந்தபோது உள்ளே யார் இருந்தார்கள்'. பதிவேடு, பணம் வந்த கணக்கு, இணையத்தில் போட்ட விளம்பரம் எல்லாம் ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். இதில் மறைக்க எதுவும் இல்லை, மறைக்கவும் கூடாது. ப்ரொபோசல் படிவத்தில் (பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம்) 'சொந்தக் குடியிருப்பு' என்று எழுதிவிட்டு நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தால், பயன்பாடு மாறியதைச் சொல்லவில்லை என்று எழுதி நிராகரிக்க அவர்களுக்கு இடம் கிடைக்கிறது. தீக்கு விருந்தினர் காரணமே இல்லாமல், பக்கத்துக் காட்டுத்தீ ஏறி வந்திருந்தாலும் இந்தக் கேள்வி எழும்.

செய்ய வேண்டியது: நிறுவனத்துக்கு எழுதுங்கள். ரெண்டில் ஒன்று நடக்கும். இதே பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேரும் எழுத்துத் திருத்தம்) போட்டுத் தருவார்கள், இல்லையென்றால் இது வணிகம், பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷாவுக்கு மாறுங்கள் என்பார்கள். ஒரே இடத்தில் 5 கோடி வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கானது அது. மாறினால் தொகையை ஒழுங்காகப் போடுங்கள், ஏனென்றால் அதில் குறைவுக்கு 15 சதவீதம் வரைதான் விட்டுக்கொடுப்பார்கள். 28 லட்சம் மதிப்புள்ள கட்டடத்தை 20 லட்சத்துக்குப் போட்டுவிட்டு 7 லட்சம் சேதம் என்று வந்தால் கைக்கு 5 லட்சம்தான் வரும். நிலத்தின் விலையைச் சேர்க்காதீர்கள், அது எரியாது. மலைக்குச் செங்கல், கம்பி ஏற்றும் வண்டி வாடகையைச் சேர்க்க மறக்காதீர்கள்.

கடன் இன்னும் ஓடினால் பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும். எண்டார்ஸ்மென்ட் கேட்கும் கடிதத்தின் நகல் வங்கிக்கும் போகட்டும்.

---

கொடை_ஹோம்ஸ்டே பதில்:

ஏர்பிஎன்பி பற்றி. அவர்கள் ஏர்கவர் என்று தருவதில் ரெண்டு பகுதி. விருந்தினருக்கு அடிபட்டு உங்கள் மேல் பொறுப்பு விழுந்தால் 10 லட்சம் டாலர் வரை பொறுப்புக் காப்பீடு. வீட்டுக்கு விருந்தினர் செய்த சேதத்துக்கு 30 லட்சம் டாலர் வரை 'சேதப் பாதுகாப்பு'. ரெண்டாவது காப்பீடே அல்ல, அவர்கள் விதிகளுக்குக் கட்டுப்பட்டுத் தரும் உறுதிமொழி. தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். புயல், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சேதம், வழக்கமான தேய்மானம், ரொக்கப் பணம் இதில் வராது. விருந்தினர் கிளம்பிய நாளிலிருந்து 14 நாளுக்குள் படம், ரசீது, பழுதுபார்க்கும் மதிப்பீட்டோடு கேட்க வேண்டும். முதலில் விருந்தினரிடம் கேட்பார்கள், அவருக்கு 24 மணி நேரம் தருவார்கள். அவர் மறுத்தாலோ பதில் தராவிட்டாலோதான் நிறுவனம் தலையிடும்.

இதைவிட முக்கியம்: அந்தத் தளம் வழியாகப் பதிவான தங்கலுக்கு மட்டும்தான் இதெல்லாம். நீங்கள் வாட்ஸ்அப்பில் எடுக்கும் பாதி ஆட்களுக்கு ஏர்கவர் பூஜ்யம். தளத்தில் 2 இரவு பதிவு செய்தவர் மூன்றாம் இரவைக் கையில் காசு கொடுத்து நீட்டித்தால் அந்த மூன்றாம் இரவும் வெறும் இரவுதான். தரகுக் காசு மிச்சம் என்று நினைத்து இங்கே நிறையப் பேர் இதில்தான் சறுக்குகிறார்கள்.

அடுத்தது காஸ். 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் வீட்டு உபயோகத்துக்கு மட்டும். வணிகத்துக்கு 19 கிலோ நீலம். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கு ஆளுக்கு 6 லட்சம், சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை உண்டு. சொத்துச் சேதம் இணைப்பு பதிவான முகவரியில் நடந்தால்தான். மதுரை முகவரியில் வாங்கிய சிலிண்டரைக் கொடைக்குத் தூக்கி வந்து வைத்தால் அந்த 2 லட்சத்தை மறந்துவிடுங்கள். ரப்பர் குழாயில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், 5 வருஷம்தான் கெடு.

கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோக யாரையும் விடாதீர்கள். குளிருக்குக் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை, தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். காஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டியிருந்தாலும் அதே கதைதான், உடனே வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். இந்த ஒன்றுக்காக மட்டுமாவது காவல்கார அண்ணனிடம் உட்கார்ந்து பேசுங்கள். பணம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஹீட்டர் 2,000 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டினால் முதலில் உருகுவது அந்தப் பெட்டிதான். அறைக்கு ஒரு 16 ஆம்பியர் பாயின்ட், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), சரியான எர்த். எலக்ட்ரீஷியன் பில்லைக் கிழிக்காமல் வையுங்கள், கிளைம் நேரத்தில் பேசும்.

---

மேல்மலை_வீடு:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். என் பாலிசி ஏட்டில் குடியிருப்பு 'உங்களுக்கோ, குடும்பத்துக்கோ, வாடகைதாரருக்கோ, உரிமம் பெற்றவருக்கோ' என்று இருக்கிறது. நாள் வாடகை விருந்தினர் 'உரிமம் பெற்றவர்' ஆக மாட்டாரா? அப்படியானால் சொல்லாமலே விடலாமா?

---

பாலிசி_வாசகன் பதில்:

நல்ல கேள்வி. சட்டத்தில் விருந்தினர் வாடகைதாரர் அல்ல, உரிமம் பெற்றவர் (தங்க அனுமதி மட்டும் பெற்றவர்) என்று வாதாட வழி உண்டு. ஆனால் அந்த வாசகம் 'குடியிருப்பாக' என்ற சொல்லோடு சேர்ந்துதான் வருகிறது. ரெண்டு இரவு சுற்றுலா வந்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதுதான் எதிர்த்தரப்புக் கேள்வி. வீடு எரிந்து நிற்கும்போது இந்த வாதத்தைத் தொடங்காதீர்கள். இன்றைக்கு எழுதிக் கேட்டால் 'ஆம்' என்று எழுத்தில் வந்துவிடலாம், செலவில்லாமல் முடியும். 'இல்லை' என்று வந்தால் இத்தனை நாளும் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது தெரியவரும். ரெண்டும் உங்களுக்கு லாபம்.

பால்கனிக்கு வருகிறேன், யாரும் இன்னும் முழுதாகத் தொடவில்லை. தீ பாலிசி எதுவும் உங்கள் சொத்தைத்தான் காக்கும். வந்தவர் விழுந்து இடுப்பு முறிந்தால், அவர் நுகர்வோர் ஆணையத்துக்கோ சிவில் நீதிமன்றத்துக்கோ போனால், ஏர்கவர் இல்லாத தங்கலில் கொடுக்க வேண்டிய இழப்பீடு உங்கள் பையிலிருந்து. இதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு தனியாக வாங்க வேண்டும். அதில் ரெண்டு வரம்பு இருக்கும்: ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஒரு வருஷத்துக்கு எவ்வளவு. 25 லட்சம், 1 கோடி என்று போடுவது ஒரு வகை.

அதை வாங்கும்போது மூன்று இடத்தில் கண் வைக்கவும். சாப்பாடு கொடுத்தால் உணவால் வரும் உபாதைக்குத் தனி இணைப்பு கேட்க வேண்டும், தானாக வராது. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவும் கேட்பார்கள். ரெண்டாவது, இது 'கோரிக்கை வந்த தேதி' அடிப்படையிலான பாலிசி. விபத்து இந்த வருஷம் நடந்து, வக்கீல் நோட்டீஸ் அடுத்த வருஷம் வந்தால், அடுத்த வருஷப் பாலிசிதான் பதில் சொல்லும். அதனால் நடுவில் ஒரு வருஷம்கூட விடாமல் புதுப்பிக்க வேண்டும், முதல் பாலிசியின் தொடக்கத் தேதி அப்படியே தொடர்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஏட்டில் பார்க்க வேண்டும். மூன்றாவது, சட்டப்படி எடுக்க வேண்டிய அனுமதி இல்லாமல் நடத்தினால் இங்கேயும் கை விரிப்பார்கள். சுற்றுலாத் துறைப் பதிவு, உள்ளாட்சி அனுமதி, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய தகவல் படிவம் (முன்பு சி படிவம்): மூன்றும் கோப்பில் இருக்கட்டும்.

மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். வேறு பயன்பாடு என்று அவர்களே கண்டுபிடித்தால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் உரிய கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு.

காவல்கார அண்ணனை மறந்துவிட்டீர்கள். விருந்தினருக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி அவர் விழுந்தால் அது பொதுப் பொறுப்பில் வராது, அவர் உங்கள் ஊழியர். தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்று அவர் பேரில் எடுங்கள். சம்பளத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள், இழப்பீடு சம்பளத்தை வைத்துத்தான் கணக்காகும். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

---

மேல்மலை_வீடு:

புரிந்தது. இந்த வாரமே எழுதுகிறேன். கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

---

சர்வே_கண் பதில்:

நீளமாக வேண்டாம். இப்படி எழுதுங்கள்:

'பாலிசி எண் இது. மேற்படி முகவரியில் உள்ள வீட்டை இந்தத் தேதியிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டு வருகிறேன். ஒரே நேரத்தில் அதிகபட்சம் 6 பேர். மாதத்தில் சுமார் இத்தனை இரவு. சமையல் வசதி உண்டு, உணவு வழங்குவதில்லை. காவலாளி ஒருவர் வளாகத்திலேயே தங்குகிறார். இந்தப் பயன்பாட்டுக்கு மேற்படி பாலிசி செல்லுமா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். கூடுதல் பிரீமியம் தேவையானால் கட்டத் தயார். செல்லாது எனில் பொருத்தமான பாலிசிக்கு மாற்றும் வழியையும் மீதிப் பிரீமியத்தின் நிலையையும் தெரிவிக்கவும்.'

விட ஆரம்பித்த தேதியை உண்மையாகப் போடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பி, நகலை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். முகவர் தொலைபேசியில் 'ஒண்ணும் ஆகாது சார்' என்றால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எண்டார்ஸ்மென்ட் ஏடு கைக்கு வர வேண்டும். பதில் வரும்வரை வாட்ஸ்அப் பதிவுகளை நிறுத்தி வையுங்கள். வீட்டின் ஒவ்வொரு அறையையும் தேதி தெரிய வீடியோ எடுத்து, சாமான் பட்டியலை ரசீதுகளோடு மதுரையில் வையுங்கள். எரிகிற வீட்டுக்குள்ளேயே ரசீதும் இருந்தால் பிரயோஜனமில்லை.

---

பாலிசி_வாசகன்:

ஒன்று சேர்க்கிறேன். நிறுவனம் பதிலே தராமல் ஒரு மாதம் இழுத்தாலோ, பின்னாளில் கிளைமை மறுத்தாலோ, அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதிய பிறகு சென்னைக் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். இப்போது அனுப்பும் அந்தக் கடிதத்தின் தபால் ரசீதுதான் அங்கே உங்கள் முதல் ஆவணமாக இருக்கும்.