கொரோலா 121க்கு எஞ்சின் மாற்ற வேண்டும், உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. அப்பா பாவித்து வந்த டொயோட்டா கொரோலா 121. பொடி, இருக்கைகள், கியர் எல்லாம் இன்னமும் திறம். சேர்விஸ் பில்களைக்கூட ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். போன கிழமை பொரளைச் சந்தி நெரிசலில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து எஞ்சின் கொதித்துவிட்டது. ஒயில் மூடியைத் திறந்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் நுரை. ஹெட் வளைந்து, பிளொக்கும் வெடித்துவிட்டதாம். திருத்துவதில் பயனில்லை என்கிறார் மெக்கானிக் பாஸ். எங்களுக்கோ இதை விற்க மனமே இல்லை.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த 1.5 லீட்டர் எஞ்சின் தேடுகிறேன். நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (அமுக்கம்) பார்த்து எடுக்க விடுகிற கடை எது? வயரிங், ஏசி கம்ப்ரசரோடு முழுசாக எடுப்பதா, வெறும் எஞ்சின் போதுமா? எத்தனை நாள் உத்தரவாதம் தருவார்கள்?

அப்புறம், எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். அதற்குக் கடையில் என்னென்ன பத்திரம் கேட்டு வாங்க வேண்டும்? அண்மையில் மாற்றியவர்கள் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் எஞ்சின் இறக்கி ஏற்றுகிற நம்பிக்கையான கராஜ் தெரிந்தால் இன்பொக்ஸில் அனுப்புங்கள். பெரிய உதவியாக இருக்கும்.