இறக்கிவிட்டுப் போன கேஸ் அப்புறம் என்ன ஆச்சு?

108-ல் சேரும்போது கொடுக்கும் பயிற்சி நல்ல பயிற்சிதான். ஆனால் மலைப்பக்கம் வேலை பார்க்கிற ஈஎம்டிக்கு, அதாவது ஆம்புலன்ஸில் நோயாளியோடு இருந்து அவசர சிகிச்சை செய்கிறவருக்கு, மீதிப் பாடத்தை நடத்துகிறவர்கள் ஸ்டாஃப் நர்ஸும், கிராம சுகாதார செவிலியரும், கேஷுவாலிட்டி டாக்டரும்தான். நான் கொல்லிமலையில் வண்டியில் இருந்தேன். நாமக்கல்லுக்குக் கொண்டுபோக 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், பாதி வழியிலேயே பிரசவம் ஆகிவிடுவதும் உண்டு.

அங்கே ஒரு செவிலியர் அக்கா. குழந்தை பிறந்ததும், உள்ளே இன்னொன்று இல்லை என்று பார்த்துவிட்டு ஒரு நிமிடத்துக்குள் ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்ஸிடோசின் மருந்து 10 யூனிட் தசையில் போடணும் என்பது பயிற்சியிலேயே வந்துவிடும். அக்கா சொல்லிக்கொடுத்தது அதற்கு அடுத்தது. "அடிவயித்துல கை வச்சுப் பாரு தம்பி, கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியா இருக்கணும், கொழகொழன்னு இருந்தா தேய்ச்சுக்கிட்டே வா, துணி எவ்வளவு நனையுதுன்னும் பாரு" என்று கூடவே வந்து காட்டினார். வீட்டில் கீழே இறங்க மாட்டோம் என்று அடம்பிடித்தால் எங்கள் பேச்சு எடுபடாது, அக்கா மாமியாரிடம் பேசினால் கிளம்பிவிடுவார்கள். போன பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனதா, ஹீமோகுளோபின் எவ்வளவு, எல்லாம் அவருக்கு மனப்பாடம். வண்டி கிளம்புவதற்குள் எனக்குச் சொல்லிவிடுவார்.

அப்புறம் சமவெளிக்கு மாற்றல். அங்கே ஒரு டியூட்டி டாக்டர், கேஸ் இல்லாத நேரத்தில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார். தரையில் படுத்துத் தூங்கினவர் விடியற்காலை வயிற்று வலி, வாந்தி என்றால் கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டு விரியன் பாம்புக் கடியை நினைக்கணும், கண் இமை தொங்குகிறதா பாருங்க, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று கேளுங்க என்பார். அப்படியே ஒரு பையன் வந்தான், இமை தொங்க ஆரம்பித்திருந்தது. வழியிலேயே போன் போட்டுச் சொன்னேன், மூச்சு நின்றால் கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் அம்பு பேக்கைக் கையிலேயே வைத்திருந்தேன். நாங்கள் போவதற்குள் விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் தயார். சில நாள் கழித்து டாக்டரே கூப்பிட்டு, பையன் தானே மூச்சு விடுகிறான் என்றார், இமை தொங்கினது எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார். என் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு நேரத்தை எழுதாமல் ஒரு கேஸையும் நான் ஒப்படைத்ததில்லை.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஒரு பெரிய மருத்துவமனையில் நான் சொல்லவருவதைக் கேட்கவே மாட்டார்கள், "எறக்கிட்டுப் போங்க" அவ்வளவுதான். மருந்து எத்தனை மணிக்குப் போட்டோம், வழியில் வலிப்பு வந்ததா என்பதெல்லாம் எங்களோடு வாசலிலேயே நின்றுவிடும். இதில் நோயாளிக்குத்தான் நஷ்டம் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

ஜிஹெச்சில் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வண்டி வரும்போது, போன தடவை நாங்கள் இறக்கிவிட்டவருக்கு என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.