விசாரிக்காமல் நம்புவது குற்றமா?

தேடல்:
1877-ல் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ஒரு கேள்வியைக் கிளப்பினார். ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழையது, அடிக்கடி பழுது பார்த்தது. பயணிகள் ஏறும் முன் அவருக்கே சந்தேகம் வருகிறது. ‘எத்தனையோ புயலைத் தாண்டிய கப்பல், இதையும் தாண்டும்’ என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கடவுள் மேல் பாரத்தைப் போட்டு அனுப்பிவைக்கிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. அவர் பொய் சொல்லவில்லை, மனதார நம்பினார். ஆனாலும் அந்தச் சாவுகளுக்கு அவரே பொறுப்பு என்கிறார் கிளிஃபர்ட். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்றும் சொல்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது.

கருமேகம்:
முதலாவதை ஏற்கிறேன், இரண்டாவதை ஏற்க முடியாது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்றால் குற்றம் எங்கிருந்து வந்தது? ஒருவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். என்ன நம்பினார் என்று மனதுக்குள் புகுந்து விசாரிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

தேடல்:
குடித்துவிட்டு வண்டி ஓட்டி யார் மேலும் மோதாமல் வீடு சேர்ந்தவரைக் குற்றமற்றவர் என்பீர்களா?

கருமேகம்:
வண்டி ஓட்டுவது செயல் நண்பரே. நம்புவது செயல் அல்ல.

மலர்விழி:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். கிளிஃபர்டுக்கு 1896-லேயே வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் பதில் சொல்லிவிட்டார். புதிதாக அறிமுகமானவர் நம்மை விரும்புகிறாரா என்பதற்கு ஆதாரம் கிடைக்கட்டும் என்று ஒதுங்கி நின்றால் அந்த நட்பு பிறக்கவே பிறக்காது. நாம் முதலில் நம்பிப் பழகினால்தான் ஆதாரமே உண்டாகும். எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்டால் வாழவே முடியாது.

தேடல்:
அழகான வாதம். ஆனால் அங்கே ஏமாந்தால் அடி யாருக்கு? நம்பியவருக்கே. கப்பலில் முதலாளி நம்பினார், மூழ்கியது மற்றவர்கள்.

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். அது பரவாமல் இருக்கச் சுமார் 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு சக்தி வேண்டும். பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கு வழக்கமாகத் தட்டம்மைத் தடுப்பூசி போடுவதில்லை. அதற்குக் காவல், சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான். ‘ஊசியால் ஆட்டிசம் வரும்’ என்று ஒருவர் நம்பினால், அது அவர் மனதுக்குள் நிற்பதில்லை, பக்கத்து வீட்டுத் தொட்டில் வரை போகிறது.

கருமேகம்:
நல்ல உதாரணம்தான், ஆனால் எனக்குத்தான் சாதகம். அந்தப் பயத்தைக் கிளப்பியது தெருவில் கேட்ட வதந்தி அல்ல. 1998-ல் வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டன் மருத்துவரும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை, வெளியிட்டது ‘லான்செட்’ என்ற பேர்பெற்ற மருத்துவ இதழ். வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது என்பதெல்லாம் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவருக்குத்தான் தெரியும். மருத்துவ இதழில் வந்ததை நம்பிய தாய் ஆதாரம் இல்லாமலா நம்பினார்? நீங்கள் கேட்டதைத்தானே செய்தார்! அவரையும் கப்பல் முதலாளியையும் ஒரே கூண்டில் நிறுத்துவது அநியாயம்.

தேடல்:
அந்தத் தாயை 1998-ல் நான் குற்றம் சொல்லவே மாட்டேன். ஆனால் காலம் அங்கேயே நிற்கவில்லையே. 2002-ல் டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு அப்படி ஒரு தொடர்பு இல்லை என்றது. 2004-ல் அந்தக் கட்டுரையை எழுதிய 13 பேரில் 10 பேர், ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற விளக்கத்தைக் கைவிட்டார்கள். 2010-ல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. இதெல்லாம் காதில் விழுந்த பிறகும் ‘என் நம்பிக்கை எனக்கு’ என்பவர் கப்பல் முதலாளியேதான். சந்தேகம் வந்த பிறகு அதை அமுக்கினாரே, அதுதான் அவர் செய்த குற்றம். அமுக்குவதும் ஒரு செயல்தான் ஐயா.

மலர்விழி:
காதில் விழுந்தால் என்கிறீர்களே, யார் காதில்? பயமுறுத்திய செய்தி போய்ச் சேர்ந்த எல்லோருக்கும் மறுப்பு போய்ச் சேர்ந்திருக்குமா? பொழுது விடிந்தால் பிழைப்பைப் பார்ப்பவரிடம் டென்மார்க் ஆய்வைத் தேடிப் படி என்று சொல்வதா?

கருமேகம்:
அதேதான். இந்த அறத்தைக் கறாராகப் பிடித்தால், படிப்பும் நேரமும் இல்லாதவர்களே பெரும்பாலும் குற்றவாளி ஆவார்கள்.

தேடல்:
தேடிப் பார்க்க வழியே இல்லாதவர் மேல் பழி போட மாட்டேன். ஆனால் அவரிடம் அதைக் கொண்டுபோய்ச் சொன்னவர்? பத்துப் பேர் முன் பேசுகிறவர், ஆயிரம் பேருக்கு எழுதுகிறவர், தன்னை வைத்தியர் என்று நம்பி வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிறவர். கேட்பவர் எத்தனை பேரோ, விசாரிக்கும் கடமையும் அத்தனை மடங்கு என்கிறேன்.

கருமேகம்:
சொல்பவருக்குக் கடமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாயைத் திறக்காமல் மனதுக்குள் தப்பாக நம்புகிறவரைக் குற்றவாளி என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.